ஏட்டு நோயாளி ஊர் சுற்றிய கதை

1969இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் இருபது பேர் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கியிருந்த மருத்துவப் பள்ளியின் முதல் வகுப்பு அது. அனாடமி தனி, பிசியாலஜி தனி என்று கூறுபோட்ட பாடத்திட்டம் அவர்களுக்கு இல்லை. நாள் முழுக்க லெக்சர் ஹாலில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கும் வேலையும் இல்லை. மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் பரீட்சை கிடையாது. படிப்பு மூன்றே ஆண்டு. ஐந்தாறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, எழுதிவைத்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளில் ஒரு நோயாளி இருந்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் ஊர்த் தீர்ப்பு. ஹாமில்டனில் நடந்தது அதற்கு நேர் எதிர். ஏட்டில் இருக்கும் நோயாளியிடமிருந்தே படிப்பைத் தொடங்கலாம், பாடப்புத்தகம் அப்புறம் வரட்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். அன்று கிளம்பிய தாள் கண்டம் விட்டுக் கண்டம் போனது. போன இடங்களில் பெயரை மாற்றிக்கொண்டது, மருத்துவர்களிடமிருந்து செவிலியர்களிடமும் பிசியோதெரபி மாணவர்களிடமும் போய்ச் சேர்ந்தது, பாராட்டும் வசையும் வாங்கியது. ஒரு கட்டத்தில் பிறந்த வீட்டிலேயே அதன் மானம் போகப் பார்த்தது.

இந்தத் தாளுக்குப் பாஸ்டனில் ஒரு மூதாதை உண்டு. 1900இல் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன் என்ற மாணவர், அந்நகரின் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய அறைத்தோழர் சட்ட மாணவர். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடந்தது. வகுப்பு முடிந்த பிறகும் அந்த மாணவர்கள் வழக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவ மாணவர்களோ மணிக்கணக்கில் லெக்சர் கேட்டுக் களைத்துப் போயிருந்தார்கள். வழக்கை வைத்துச் சட்டம் கற்பிக்கலாம் என்றால், நோயாளியின் குறிப்பை வைத்து மருத்துவம் கற்பிக்கக் கூடாதா என்று கேனன் கேட்டார். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கேஸ் குறிப்புகள் இன்றும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவருவது அந்த வழியில்தான். கேனன் பிற்காலத்தில் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞரானார்.

ஆனால் கேபட்டின் தாளுக்கும் ஹாமில்டனின் தாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பாஸ்டனில் மாணவர் முதலில் படித்தார், பிறகு கேஸைப் பார்த்தார். படித்தது பிடிபட்டதா என்று சோதிக்கத்தான் அங்கே கேஸ். ஹாமில்டனில் கேஸ் முதலில் வந்தது. தாளைப் பார்க்கும் மாணவருக்கு அந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் அங்கே பாடத்தின் தொடக்கம்.

இதை ஏன் ஹாமில்டன் செய்தது, டொராண்டோ செய்யவில்லை? ஹாமில்டன் ஓர் எஃகு நகரம். அங்கே உடைக்க வேண்டிய பழைய மருத்துவக் கல்லூரி எதுவும் இல்லை. 1965இல் முதல் டீனாக நியமிக்கப்பட்ட ஜான் எவன்ஸுக்கு அப்போது வயது 35. டொராண்டோவிலிருந்து வந்த இதயநோய் மருத்துவர். பில் ஸ்பால்டிங், ஜிம் ஆண்டர்சன், ஃப்ரேசர் மஸ்டர்ட், வில்லியம் வால்ஷ் என்று தன்னைப் போலவே பழைய முறையில் சலித்துப்போன சிலரைச் சேர்த்துக்கொண்டார். அனாடமி துறைக்கு இத்தனை மணி நேரம், பார்மகாலஜி துறைக்கு இத்தனை என்று சண்டை போட அங்கே துறைத்தலைவர்களின் பரம்பரை இல்லை. மருத்துவப் பள்ளியின் பெரிய கட்டடமே 1972இல்தான் திறந்தது. முதல் வகுப்பு பட்டம் வாங்கியதும் அதே ஆண்டுதான். காலி மனையில் வீடு கட்டுகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் எவன்ஸுக்கு இருந்தது.

தாள் எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பின்வருவது எந்தக் கல்லூரியின் சொத்தும் அல்ல, ஒரு மாதிரி.

முதல் பக்கத்தில் நாலே வரி. பதினேழு வயதுப் பெண். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி. அரை மயக்கத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கிறது. ஆனால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. அவ்வளவுதான். முதலாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர். ஃபுட் பாய்சன் என்கிறார் ஒருவர். அப்பெண்டிக்ஸ் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கேட்கிறார்: “நுரையீரல் நல்லா இருக்கே, அப்புறம் எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?” யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லாரும் ட்யூட்டர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. கேள்வி பலகையில் ஏறுகிறது.

இரண்டாம் பக்கம் வருகிறது. ஒரு மாதமாகத் தாகம் அதிகம், இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறாள், உடல் இளைத்துவிட்டது. விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை 480. அறையில் ஒரு நிம்மதி பரவுகிறது. சர்க்கரை வியாதி, கண்டுபிடித்தாயிற்று! ஆனால் பலகையில் அந்தப் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. சர்க்கரைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஊகங்கள் வருகின்றன. பாதி சரி, பாதி தப்பு. எது நமக்குத் தெரியவில்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கூடும்போது விடையோடு வருகிறார்கள். இன்சுலின் இல்லாவிட்டால் செல் சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அதிலிருந்து கீட்டோன் அமிலங்கள் பிறக்கின்றன. ரத்தம் அமிலமாகிறது. அமிலத்தைக் குறைக்க உடம்புக்குக் கைவசம் இருக்கும் வேகமான வழி, கரியமில வாயுவை ஊதி வெளியே தள்ளுவது. அதனால்தான் அந்த ஆழமான மூச்சு. நோய் நுரையீரலில் இல்லை. நுரையீரல் வேறொரு நோயைச் சரிக்கட்டப் பாடுபடுகிறது.

மூன்றாம் பக்கம் ஒரு பொறி. ரத்தப் பரிசோதனை முடிவு: பொட்டாசியம் 5.4. கொஞ்சம் கூடுதல், கவலைப்பட ஒன்றுமில்லை என்று மாணவர்கள் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். உண்மையில் அந்தப் பெண் சிறுநீரிலும் வாந்தியிலும் ஏராளமான பொட்டாசியத்தை இழந்திருக்கிறாள். ரத்தத்தில் தெரிவது செல்களிலிருந்து வெளியே வந்து நிற்கும் பொட்டாசியம். இன்சுலின் ஏறத் தொடங்கியதும் அது மளமளவென்று செல்லுக்குள் திரும்பிப் போகும், ரத்தத்தில் அளவு சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பினால் ஆள் போய்விடுவாள். பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, பார்மகாலஜி, மெடிசின் ஆகிய நான்கும் ஒரே பெண்ணின் உடம்பில் சந்திக்கின்றன. அவற்றைத் தனித்தனிப் புத்தகமாகப் படித்தவர், வார்டில் நின்று அவசரத்தில் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இவர்கள் கோத்தபடியே படிக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் அம்மா பேசுகிறார்: “தினமும் ஊசி போடுற பொண்ணுன்னு வெளியே தெரிஞ்சா யாரு கட்டிக்குவாங்க டாக்டர்?” இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை. இதே தாளைச் செவிலியர் மாணவர்களிடம் கொடுத்தால் அவர்கள் கேள்வியே வேறாக இருக்கும். மணிக்கொரு தரம் சிறுநீர் அளவை யார் குறிப்பது? வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் இன்சுலினை எங்கே வைப்பது? பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொள்ள இடம் உண்டா? தாள் ஒன்றுதான். படிக்கிறவரின் தொழில் அதிலிருந்து வேறு வேறு பாடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஹாமில்டனில் இந்தத் தாளுக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹவர்ட் பேரோஸ். நரம்பியல் மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தபோதே ஒரு விநோதமான வேலை செய்தவர். ஓவியர்களுக்கு மாடலாக நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, மாணவர்கள் முன் உட்காரவைத்தார். இன்று உலகெங்கும் மருத்துவத் தேர்வுகளில் நோயாளியாக நடிப்பவர்களை நிறுத்துகிறார்களே, அதன் தொடக்கம் அங்கேதான். மெக்மாஸ்டருக்கு வந்த பிறகு, ராபின் டாம்ப்ளின் என்பவரோடு சேர்ந்து தாளைச் சீட்டுக்கட்டாக்கினார். நோயாளி வந்த நிலையைச் சொல்லும் முதல் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, என்ன கேள்வி கேட்கலாம், எந்த உறுப்பைச் சோதிக்கலாம், எந்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று மாணவரே ஒவ்வொரு சீட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டைத் திருப்பினால் அதற்கான விடை. வார்டில் நோயாளி நமக்காக வரிசையாகப் பேசமாட்டார், நாம் கேட்டால்தான் சொல்வார் என்ற உண்மையை அந்தக் கட்டு கையில் கொடுத்தது. 1977இல் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். 1980இல் அவர்கள் எழுதிய புத்தகம் இந்த முறையை ‘ப்ராப்ளம்-பேஸ்டு லேர்னிங்’ என்ற பெயரில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பி.பி.எல். என்ற மூன்றெழுத்து அப்போதிருந்து எல்லாக் கல்லூரி அறிக்கைகளிலும் ஒட்டிக்கொண்டது.

அதற்குள் தாள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் லிம்பர்க் மாகாணம் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த பகுதி. 1965இல் அரசு சுரங்கங்களை மூட முடிவெடுத்தது. அந்தப் பகுதி சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பல்கலைக்கழகம் தரலாம் என்று யோசித்தார்கள். மாஸ்ட்ரிக்ட் நகரில் 1974இல் மருத்துவ வகுப்பு தொடங்கியது. நாட்டின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதும் அதே ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிதான். ஏற்கெனவே ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்த சின்ன நாட்டில் எட்டாவதாக வரும் கல்லூரி மற்றவற்றின் நகலாக இருந்தால் யார் மதிப்பார்கள்? அதனால் ஹாமில்டனின் முறையை எடுத்துக்கொண்டார்கள்.

டச்சுக்காரர்கள் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஹாமில்டனில் ட்யூட்டரின் கைப்பக்குவமாக இருந்தது இங்கே ஏழு படிகளாக ஆனது. புரியாத சொற்களைத் தெளிவுபடுத்து. பிரச்சினை என்ன என்று வரையறு. தெரிந்ததை வைத்து ஊகம் செய். ஊகங்களை அடுக்கு. எதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய். போய்ப் படி. திரும்பி வந்து சேர்த்துப் பார். நாட்டுப்புற ஆட்டம் ஒன்றின் பெயரைப் பிடித்து இதற்கு ‘ஏழு தாவல்’ என்று பெயர் வைத்தார்கள். ஹென்க் ஷ்மிட் என்ற உளவியல் அறிஞர், இது ஏன் வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார். ஏற்கெனவே மண்டையில் இருக்கும் அரைகுறை அறிவைக் கிளறிவிட்ட பிறகு புதிதாகப் படிப்பது ஆழமாகப் பதிகிறது என்பது அவருடைய விளக்கம். மூன்றாம், நான்காம் படிகளில் மாணவர்கள் தப்புத்தப்பாக ஊகிப்பது வீண்வேலை அல்ல, அதுதான் உழவு.

மாஸ்ட்ரிக்ட் இன்னொன்றையும் செய்தது. தாளின் வாழ்க்கையில் பிற்பாடு பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது இதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் முடிவில் ஒரு பரீட்சை வைத்தால், மாணவர்கள் பரீட்சைக்காகப் படிப்பார்கள், தாளைக் கடமைக்குத் தொடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் 1977இல் ஒரு புதுத் தேர்வு. பட்டம் வாங்கப்போகும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அறிவு முழுவதிலிருந்தும் கேள்விகள். அதை முதலாமாண்டு முதல் ஆறாமாண்டு வரை எல்லா மாணவர்களும் ஒரே நாளில் எழுத வேண்டும், ஆண்டுக்கு நான்கு முறை. ‘தெரியாது’ என்று குறிக்கவும் இடம் உண்டு. தப்பாக அடித்தால் மதிப்பெண் குறையும். முதலாமாண்டு மாணவருக்குப் பெரும்பாலான கேள்விக்கு ‘தெரியாது’ என்பதே விடை, அதில் வெட்கமில்லை. முந்தின நாள் ராத்திரி விழித்துப் படித்துப் பயனில்லை, ஏனென்றால் எதைப் படிப்பது? ஒவ்வொரு தேர்விலும் தன் கோடு மேலே ஏறுகிறதா என்று மாணவர் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் தாள் வேகமாகப் பரவியது. 1978இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில். அதுவும் நிலக்கரியும் எஃகும் வளர்த்த துறைமுக ஊர்தான். அங்கே டேவிட் மேடிசன் புதிய பள்ளியைத் தொடங்கினார். 1979இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் பழைய பாடத்திட்டத்தை விட்டுவிடாமல், விரும்பும் மாணவர்களுக்குத் தனிப் பிரிவாக இதை வைத்துக் கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கூடிய பள்ளிகள், சமுதாய நோக்கமுள்ள சுகாதாரக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. மலேசியாவின் சயின்ஸ் பல்கலைக்கழகமும் மருத்துவப் படிப்பை இந்த வழியில் தொடங்கியது. பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். தாள் முழு உயிரோடு வேரூன்றிய இடங்கள் பெரும்பாலும் புதுப் பள்ளிகள். பழைய, பெரிய கல்லூரிகள் அதை வரவேற்றபோது ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தன.

ஹார்வர்டுகூட அப்படித்தான் தொடங்கியது. 1985இல் ‘நியூ பாத்வே’ என்ற பெயரில் சிறு பிரிவுக்கு அதைக் கொண்டுவந்து, பிறகுதான் எல்லாருக்கும் விரித்தது. கேனன் கேட்ட கேள்வி சுற்றி வளைத்து அவர் படித்த கல்லூரிக்கே வந்துசேர எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2015இல் ஹார்வர்டு அதையும் மாற்றி, வீட்டில் முதலில் படித்துவிட்டு வந்து வகுப்பில் கேஸை விவாதிக்கும் முறைக்குப் போய்விட்டது. கேபட்டின் பாணிக்குப் பாதி தூரம் திரும்பியதுபோலத்தான்.

இங்கிலாந்தில் தாளுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. மான்செஸ்டர் மருத்துவப் பள்ளி 1994இல் பி.பி.எல்லுக்கு மாறியது. லிவர்பூல் 1996இல் மாறி, 2014இல் வேறு பாடத்திட்டத்துக்குப் போனது. அதே காலத்தில் செவிலியர் கல்வி மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. செவிலியர் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கடம். அவர்கள் கவனிக்கும் எல்லாமே தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினை அல்ல. பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணோ, சாகப்போகும் முதியவரோ தீர்வு தேடும் புதிர்கள் அல்லர். அதனால் அவர்கள் ‘என்கொயரி-பேஸ்டு லேர்னிங்’ என்று அகலமாகப் பேசினார்கள். தொடக்கப்புள்ளி கேஸ் தாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு புகைப்படம், ஒரு மகள் எழுதிய புகார்க் கடிதம், ஒரு செய்தித்தாள் துண்டு எதுவானாலும் சரி, மாணவர்கள் அதிலிருந்து தங்கள் கேள்விகளை எழுப்பித் தேடிப்போக வேண்டும். மான்செஸ்டரில் 2005 முதல் 2010 வரை அரசு நிதியோடு இதற்கென்றே ஒரு மையம் இயங்கியது. அப்போது தாள் மருத்துவத்தைத் தாண்டி மற்றத் துறைகளுக்கும் போய்விட்டது.

புகழ் வந்தால் கண்ணும் படும். முதல் அடி 1978இலேயே விழுந்துவிட்டது. ஆர்தர் எல்ஸ்டைனும் சகாக்களும் மருத்துவர்கள் எப்படி நோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து வெளியிட்ட நூல், பிரச்சினை தீர்க்கும் பொதுத்திறமை என்று தனியாக ஒன்று இல்லை என்று காட்டியது. இதயக் கேஸைப் பிரமாதமாகத் தீர்ப்பவர் மூட்டுவலிக் கேஸில் தடுமாறுவார். அந்தந்த நோயைப் பற்றிய அறிவுதான் தீர்மானிக்கிறது. தாள் யோசிக்கக் கற்றுத்தரும், விஷயம் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு இது சங்கடமான செய்தி. 1993இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று இன்னும் நிதானமாகப் பேசியது. இந்த முறையில் படித்தவர்கள் படிப்பை ரசிக்கிறார்கள், வார்டில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர், சில சமயம் மேல். ஆனால் அடிப்படை அறிவியலில் ஓட்டைகள் தெரிகின்றன, பரிசோதனைகளை அதிகமாக எழுதித்தள்ளுகிறார்கள், செலவும் யோசிக்கத்தக்கது. 2006இல் மூன்று உளவியலாளர்கள் ஒருபடி மேலே போய், ஒன்றும் தெரியாதவரிடம் வழிகாட்டாமல் தேடச் சொல்வது மூளையின் நினைவுத்திறனுக்கே எதிரானது என்று எழுதினார்கள். ட்யூட்டரும் தாளும் படிப்படியாக வழிகாட்டத்தான் செய்கிறார்கள் என்று மறுப்பு வந்தது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

பெரிய அடி பிறந்த ஊரிலேயே விழுந்தது. கனடாவில் எந்தக் கல்லூரியில் படித்தாலும் மருத்துவராகப் பதிவுசெய்ய ஒரு பொதுத் தேர்வு எழுத வேண்டும். 1989இல் மெக்மாஸ்டர் மாணவர்களில் 19 சதவீதம் பேர் அதில் தோற்றார்கள். ஐந்தில் ஒருவர்! பரீட்சையே வேண்டாம் என்று இருபது ஆண்டுகள் பெருமை பேசிய பள்ளிக்கு இது சாதாரண அவமானம் அல்ல. மேசையைச் சுற்றி நன்றாகப் பேசுகிற மாணவரைப் பார்த்து இவருக்கு விஷயம் தெரியும் என்று ட்யூட்டர்கள் நம்பிவிட்டார்கள். யாருக்கு எங்கே ஓட்டை என்று எவருக்கும் தெரியவில்லை, மாணவருக்கே தெரியவில்லை.

அப்போது மெக்மாஸ்டர் தாளைத் தூக்கிப் போட்டிருக்கலாம், லெக்சருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அது மாஸ்ட்ரிக்டைப் பார்த்தது. 1992இல் அந்த ஊர்த் தேர்வைத் தன் வசதிக்கு மாற்றி ஏற்றுக்கொண்டது. 180 கேள்விகள், ஆண்டுக்கு மூன்று முறை, எல்லா மாணவர்களுக்கும் ஒன்றே. தொடர்ந்து கீழே கிடப்பவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவ்வளவுதான். சிறு குழு, தாள், ட்யூட்டர் எதையும் மாற்றவில்லை. தேசியத் தேர்வில் தோல்வி உடனடியாக ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, பிறகும் குறைந்துகொண்டே போனது. ஹாமில்டனிலிருந்து போன தாளுக்கு மாஸ்ட்ரிக்ட் ஒரு துணையைத் தேடிவைத்திருந்தது. தாய்வீடு பதினைந்து ஆண்டு கழித்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இந்தியாவுக்குத் தாள் வந்த பாதையில் தமிழ்நாட்டுக்கும் பக்கத்துக்கும் இடம் உண்டு. 1980களின் இறுதியில் டெல்லி எய்ம்ஸ், வாரணாசி இந்து பல்கலைக்கழகம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய நான்கும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு கூட்டணி அமைத்தன. விசாரித்து அறியும் உத்திகளைக் கொண்டு மருத்துவக் கல்வியைச் சீர்திருத்துவது அதன் நோக்கம். கொழும்பு மருத்துவ பீடம் 1995இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது இந்த முறையையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் எல்லாக் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும் பெரிய மாற்றம் 2019இல் வந்தது. அந்த ஆண்டு சேர்ந்த எம்.பி.பி.எஸ். வகுப்பிலிருந்து, என்ன படித்தாய் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் பாடத்திட்டம். சுயமாகப் படிக்கத் தனி மணிநேரம், முதலாமாண்டிலேயே நோயாளியைப் பார்க்கும் வாய்ப்பு, அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் கோக்க ‘லிங்கர் கேஸ்’. அந்த லிங்கர் கேஸ் வேறு யாருமில்லை, நம் ஏட்டு நோயாளிதான்.

வந்தவருக்கு உட்கார இடம் இருக்கிறதா? சென்னை மருத்துவக் கல்லூரியில் ஓராண்டுக்கு 250 இடங்கள். எட்டுப் பேருக்கு ஒரு குழு என்றால் குறைந்தது முப்பத்தோரு குழுக்கள். ஒரே நேரத்தில் முப்பத்தோரு அறைகள், முப்பத்தோரு ட்யூட்டர்கள். அத்தனை பேரும் விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியவர்களாக வேறு இருக்க வேண்டும். நம் ஆசிரியர்களுக்கு இது எளிதல்ல. ஒரு மாணவர் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விடுவது அவர்களுக்குக் கடமை தவறியதுபோலத் தோன்றும். ஆக நடைமுறையில் என்ன நடக்கிறது? லெக்சர் ஹாலில் ப்ரொஜெக்டரில் கேஸ் ஓடுகிறது, முன்வரிசையில் நாலு பேர் பதில் சொல்கிறார்கள், மீதிப் பேர் விடையைக் குறித்துக்கொள்கிறார்கள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுகிறது.

மாணவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் எதிரில் நிற்பது மேற்படிப்புக்கான நீட் பி.ஜி.: 200 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்று. அதற்கான பயிற்சி ஆப் முதலாமாண்டிலேயே போனில் ஏறிவிடுகிறது. மாலையில் குழு விவாதத்துக்கு விழுந்து விழுந்து தேடிப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அந்தத் தேர்வில் என்ன வித்தியாசம் என்று அவர் கணக்குப் போடுகிறார். கணக்கில் தப்பில்லை.

போன் இன்னொன்றையும் மாற்றிவிட்டது. ஏழு தாவலில் ஐந்தாம் படிக்கும் ஏழாம் படிக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் நூலகமும் சந்தேகமும் வீட்டில் உட்கார்ந்து குழம்புவதும் நடந்தன. இன்று முதல் பக்கத்தைப் படித்த மறுநிமிடம் மேசைக்கு அடியில் யாரோ ஒருவர் அறிகுறிகளைத் தட்டி நோயின் பெயரைக் கண்டுபிடித்துவிடுகிறார். பெயர் வந்ததும் ஊகம் செத்துவிடும். இதற்கு நல்ல ட்யூட்டர்கள் கண்டுபிடித்திருக்கும் மாற்று எளிமையானது: நோயின் பெயரை முதல் வரியிலேயே அவர்களே கொடுத்துவிடுவது. “இது கீட்டோ அசிடோசிஸ். சரி, இப்போ சொல்லுங்க, எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?” என்ன என்ற கேள்வியை போன் எடுத்துக்கொண்டுவிட்டதால், ஏன் என்ற கேள்வியைத் தாள் வைத்துக்கொள்கிறது.

அறுபது ஆண்டை நெருங்கும் இந்தப் பயணத்தில் தாளுக்குச் செலவே இல்லை. ஒரு பக்கம், நகல் எடுத்தால் ஒரு ரூபாய். அதனால்தான் எல்லா ஊருக்கும் போக முடிந்தது. அதோடு கூடவே போக வேண்டியவைதான் விலை கூடியவை: வாயைக் கட்டிக்கொள்ளத் தெரிந்த ட்யூட்டர், தேடிப் படிக்கக் கால அட்டவணையில் உண்மையாகவே விட்ட நேரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளோடு ஒத்துப்போகும் தேர்வு. மாஸ்ட்ரிக்ட் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. மெக்மாஸ்டர் அடிபட்டுப் புரிந்துகொண்டது. நாம் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு தேர்வை அப்படியே வைத்திருக்கிறோம்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு கல்லூரி தன் விளம்பரத்தில் பி.பி.எல்., கேஸ்-பேஸ்டு, என்கொயரி என்று எதைப் போட்டிருந்தாலும், கேஸ் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. நல்ல தாள் எங்கும் கிடைக்கும். போன வருடக் கேள்வித்தாளைக் கேளுங்கள். மூச்சு ஏன் வாங்கியது என்று அதில் ஒரு கேள்வி இருந்தால் அங்கே மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். கீட்டோ அசிடோசிஸ் பற்றிச் சிறுகுறிப்பு வரைக என்று இருந்தால், வகுப்பறையில் என்ன நடந்தாலும் அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது.